வசனத்திலிருந்து புத்தகத்துக்கு: வேதத்தைப் பொருளறிந்து வாசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் எந்தக் கிறிஸ்தவ வீட்டுக்குள் போனாலும் வேதத்தின் (பைபிளின்) ஒரு துண்டு கண்ணில் படும். நாட்காட்டியில் நாளுக்கொரு வசனம், வாசல் நிலைக்கு மேலே வாக்குத்தத்த (கடவுளின் வாக்குறுதி) ஸ்டிக்கர், புத்தாண்டு ஆராதனையில் தட்டிலிருந்து எடுத்த அட்டை, விடிந்ததும் கைப்பேசியில் ரோஜாப்பூ படத்தோடு வந்து விழும் ஒரு வரி. அதே வீட்டில் ரூத்தின் கதை என்ன, எரேமியா யாருக்குக் கடிதம் எழுதினார் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. துண்டு துண்டாகவே கொடுத்துப் பழக்கினால் யாருக்குத்தான் முழுப்புத்தகம் தெரியும்?

வேதத்தின் மூலம் ஆவிக்குரிய தெளிவு வேண்டும் என்று விரும்புகிறவர்கள் முதலில் ஒரு புத்தகத்தை முழுதாக, அதன் ஊரில் வைத்து, மற்றவர்களோடு சேர்ந்து வாசிக்கப் பழக வேண்டும். எங்கள் பகுதி வீட்டு வேதபாடக் கூட்டங்களில் பல ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறோம். அந்தப் பழக்கத்தைத்தான் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். லுத்தரன், சி.எஸ்.ஐ., கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே என்று யாராக இருந்தாலும் இது பொருந்தும்.

முதல் படி: கையில் ஒரு நல்ல பிரதி

தமிழில் அச்சான புதிய ஏற்பாடு பிறந்தது இந்த டெல்டாவின் கரையில்தான். 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தமிழ் கற்று மொழிபெயர்க்கத் தொடங்கினார். 1714-ல் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலருடைய நடபடிகளும், 1715-ல் மீதிப் பகுதியும் அங்கேயே அச்சாகின. ஜெர்மனியில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவை; காகிதமோ கிடைப்பதற்கு அரிது. ஆகவே சின்ன எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்த்தார்கள். பக்கத்துப் பொறையாற்றில் காகிதப் பட்டறையே வைத்தார்கள். முழுப்புத்தகமாக மக்கள் கையில் போக வேண்டும் என்பதற்காக அவ்வளவு பாடு.

இன்று சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபைகளில் பெரும்பாலும் புழங்குவது பழைய மொழிபெயர்ப்பு. ஹென்றி பவரின் தலைமையில் நடந்து 1871-ல் வெளிவந்த திருத்தத்தின் வழிவந்தது. கத்தோலிக்கத் திருச்சபையில் புழங்குவது 1995-ல் வெளியான திருவிவிலியம் என்ற பொது மொழிபெயர்ப்பு. முன்னதில் 66 புத்தகங்கள், கத்தோலிக்கப் பதிப்பில் 73. வித்தியாசம் பழைய ஏற்பாட்டில் மட்டும்தான். புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களும் இருதரப்புக்கும் பொது.

எது சிறந்தது என்ற வாக்குவாதத்தில் நேரத்தைக் கரைக்க வேண்டாம். உங்கள் சபையில் வாசிப்பதை முதன்மையாக வைத்துக்கொண்டு, மற்றதைப் பக்கத்தில் வையுங்கள். சிறு வயதிலிருந்து கேட்ட வாக்கியத்தைக் காது கேட்டுவிடும், மனம் தாண்டிப்போய்விடும். அதே இடத்தை வேறு நடையில் வாசிக்கும்போது, "இப்படியா எழுதியிருக்கிறது!" என்று நின்றுவிடுவீர்கள். பெரிய எழுத்துப் பதிப்பாக வாங்குங்கள். கைப்பேசிச் செயலி வசனம் தேடுவதற்கு வசதி. ஒரு புத்தகத்தைத் தொடர்ந்து வாசிப்பதற்குக் காகிதம்தான் சரி. ஒரு பென்சிலும் நாற்பது பக்க நோட்டும் போதும். வண்ண வண்ணமாகக் கோடு போடும் பேனாக்கள் எனக்குப் பிடிப்பதில்லை. அவை பக்கத்தை அழகாக்குகின்றன. வாசித்த திருப்தியை வாசிக்காமலே தந்துவிடுகின்றன.

இரண்டாம் படி: எங்கே, எப்போது தொடங்குவது

ஆதியாகமத்தில் தொடங்கி வெளிப்படுத்தின விசேஷம் வரை ஒரே ஆண்டில் என்று ஜனவரி முதல் தேதி கிளம்புகிறவர்களில் பலர் லேவியராகமத்தின் பலிமுறைகளுக்குள் போய்த் திரும்பி வருவதில்லை. அது அவர்களுடைய பக்திக் குறைவால் வருவதன்று. தொடங்கிய இடம் அப்படி.

மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். நான்கு சுவிசேஷங்களில் அதுதான் சின்னது, 16 அதிகாரம். உரக்க வாசித்தால் ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரே மூச்சில் வாசியுங்கள். அதிகார எண்ணையும் வசன எண்ணையும் கண்டுகொள்ள வேண்டாம். அவை மூல ஆசிரியர்கள் போட்டவை அல்ல. இன்று நாம் பயன்படுத்தும் அதிகாரப் பிரிவு 13-ம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பேராயர் ஸ்டீபன் லாங்டன் வகுத்தது. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551-ல் ராபர்ட் எஸ்தியென் என்ற பாரிஸ் அச்சுக்காரர் சேர்த்தவை. இடத்தைக் கண்டுபிடிக்க அவை உதவும். ஆனால் ஒரு வரியை அதன் வீட்டிலிருந்து பிடுங்கி எடுப்பதற்கும் அவைதான் வழி செய்கின்றன.

காலத்தைப் பொறுத்தவரை, நம் பகுதியில் வருஷத்தின் எல்லா மாதமும் ஒன்று போல இருப்பதில்லை. சம்பா நடவும் களையெடுப்பும் நடக்கும்போது, விடியுமுன் வயலுக்குப் போய் இருட்டி வீடு திரும்புகிற பெண்களிடம் "தினமும் ஒரு மணி நேரம் வேதம் வாசியுங்கள்" என்று மேடையிலிருந்து சொல்வது சுலபம். அந்த மாதங்களில் வேதத்திலுள்ள பாட்டுகளில் ஒன்று, ஒரு சங்கீதம், போதும். சம்பா அறுவடை தையிலும் மாசியிலும் முடிந்து கை ஓயும்போது ஈஸ்டருக்கு முந்தைய லெந்து (தவக்கால) நாட்கள் வந்துவிடுகின்றன. ஒரு புதிய புத்தகத்தை எடுத்து உட்கார அதைவிட நல்ல காலம் டெல்டாவில் இல்லை.

மூன்றாம் படி: ஜெபம், ஆனால் உழைப்புக்குப் பதிலாக அல்ல

வாசிக்குமுன் சங்கீதம் 119:18-ஐச் சொல்லித் தொடங்கலாம்: "உமது வேதத்திலுள்ள அதிசயங்களை நான் பார்க்கும்படிக்கு, என் கண்களைத் திறந்தருளும்." அவ்வளவு போதும். நீண்ட ஜெபத்தில் களைத்துப்போய் வாசிப்பைச் சுருக்கிக்கொள்ளும் கூட்டங்கள் உண்டு.

லூக்கா 24-ம் அதிகாரத்தில் எம்மாவு ஊருக்கு நடந்துபோன இரண்டு சீஷர்களைப் பாருங்கள். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிற தூரத்துக்குச் சற்றுக் குறைவு. வழியெல்லாம் இயேசு மோசே தொடங்கி எல்லாத் தீர்க்கதரிசிகளும் எழுதியவற்றை அவர்களுக்கு விவரிக்கிறார். அப்போதும் அவர் யாரென்று அவர்களுக்குத் தெரியவில்லை. பந்தியில் அப்பம் பிட்கும்போதுதான் கண் திறக்கிறது. வழிநெடுக நடந்த விளக்கமும் வேண்டியிருந்தது, கண் திறக்கப்படுதலும் வேண்டியிருந்தது. "ஆவியானவர் உணர்த்துவார், படிக்க வேண்டியதில்லை" என்கிறவர்களும் "படித்தால் போதும்" என்கிறவர்களும் இந்த அதிகாரத்தின் பாதியைத்தான் வாசித்திருக்கிறார்கள்.

நான்காம் படி: பொருள் சொல்லுமுன் பார்ப்பது

இந்தப் படியில்தான் நிறைய நேரம் செலவிட வேண்டும். பார்ப்பது என்றால், என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் கவனிப்பது. யார் பேசுகிறார், யாரிடம், எங்கே, எப்போது, எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது, எது சொல்லப்படவில்லை. இவற்றை நோட்டில் எழுதுங்கள். "இது நமக்குக் கற்பிப்பது என்னவென்றால்" என்று யாராவது தொடங்கினால், இன்னும் அந்த இடம் வரவில்லை என்று நிறுத்திவிடுங்கள்.

ரூத்தின் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தம் நான்கு அதிகாரம். பெத்லகேமில் பஞ்சம் வந்து அண்டை நாடான மோவாபுக்குப் பிழைக்கப் போன குடும்பத்தில், கணவனையும் இரண்டு மகன்களையும் இழந்த நகோமி ஊர் திரும்புகிறாள். மோவாபிய மருமகள் ரூத் அவளை விட மறுத்துக் கூடவே வருகிறாள். வாற்கோதுமை அறுப்பு தொடங்கும் சமயம். இரண்டாம் அதிகாரத்தில் ரூத் கதிர் பொறுக்கப் போகிறாள்.

மெதுவாக வாசியுங்கள். ரூத் யாரென்று வாசகனுக்கு ஏற்கெனவே தெரியும். ஆனாலும் இரண்டாம் வசனத்தில் மறுபடியும் "மோவாபிய" என்று வருகிறது. வயலின் சொந்தக்காரரான போவாஸ் அங்கே வந்து, இந்தப் பெண் யாருடையவள் என்று கேட்கிறார். கண்காணி அவள் பெயரைச் சொல்வதில்லை. மோவாப் தேசத்திலிருந்து வந்த மோவாபியப் பெண் என்கிறான். மோவாபியர் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்று உபாகமம் 23:3-ல் இருப்பதை நினைத்தால் அந்த அடைமொழி எவ்வளவு கனமானது என்று புரியும். போவாஸ் அவளை முதலில் கூப்பிடும்போது வாயில் வருகிற சொல் "மகளே".

அதன் பிறகு அவர் செய்பவற்றை வரிசையாக எழுதுங்கள். வேறு வயலுக்குப் போக வேண்டாம் என்கிறார். வேலைக்காரர்கள் அவளைத் தொடக் கூடாது என்று கட்டளையிடுகிறார். தாகம் எடுத்தால் அவர்கள் மொண்டுவைத்த தண்ணீரைக் குடிக்கச் சொல்கிறார். சாப்பாட்டு வேளையில் அறுக்கிறவர்களின் பக்கத்தில் உட்கார வைத்து, வறுத்த கோதுமையைத் தாமே கொடுக்கிறார். அவள் எழுந்து போன பிறகு, அரிக்கட்டுகளிலிருந்து வேண்டுமென்றே சில கதிர்களைச் சிந்திவிடுங்கள், அவளை அதட்டாதிருங்கள் என்று ஆட்களிடம் சொல்கிறார்.

எங்கள் கூட்டத்தில் இந்த இடத்தை வாசித்தபோது, வாழ்நாள் முழுதும் கூலிக்கு அறுத்த ஒரு பெரியம்மா கேட்டார்: "அந்தப் பெண்ணுக்கு ஒரு மூட்டையைத் தூக்கிக் கொடுத்திருக்கலாமே, ஏன் கொடுக்கவில்லை?" கொஞ்ச நேரத்தில் அவரே பதிலும் சொன்னார்: "கொடுத்திருந்தால் அது பிச்சை. சிந்திவிட்டதால் அவள் சம்பாதித்ததாக ஆகிறது." வயல் வைத்திருக்கும் ஒருவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். அறுவடைக்குப் பின் கதிர் பொறுக்க வருகிறவர்களை வரப்பில் நின்று விரட்டிய பழக்கம் எந்த ஊருக்கும் புதிதல்ல. அவர் அன்று அதிகம் பேசவில்லை.

சாயங்காலம் அவள் தட்டி எடுத்தது ஏறக்குறைய ஒரு எப்பா வாற்கோதுமை. கிட்டத்தட்ட 22 லிட்டர். இரண்டு பேர் ஒரு வாரத்துக்கு மேல் சாப்பிடலாம். பொறுக்கிச் சேர்த்த கதிரில் ஒரு நாளில் அவ்வளவு வருமா? சிந்திவிடச் சொன்னதை ஆட்கள் தாராளமாகவே செய்திருக்கிறார்கள். பந்தியில் தான் சாப்பிட்டு மீந்ததையும் ரூத் மாமியாருக்கு எடுத்துவந்து கொடுக்கிறாள். பலரும் வேகமாகத் தாண்டிவிடும் வரி இது.

இனி, எழுதப்படாததைப் பாருங்கள். இந்தப் புத்தகம் முழுவதிலும் கடவுள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கனவில்லை, தூதனில்லை, அற்புதமில்லை. அவர் நேரடியாகச் செய்ததாகக் கதைசொல்லி கூறுவது இரண்டே இடம்: 1:6-ல் தம் ஜனத்துக்கு ஆகாரம் அருளினார், 4:13-ல் ரூத்துக்குக் கர்ப்பம் தந்தார். நடுவே இருப்பதெல்லாம் மனிதர்கள் ஒருவருக்கொருவர் காட்டும் தயவு. ரூத் போவாஸின் வயலுக்கு வந்ததைக்கூடத் தற்செயல் என்றுதான் 2:3 சொல்கிறது. "என் வாழ்க்கையில் கடவுள் பேசவே இல்லையே" என்று கலங்குகிறவருக்கு ஒரு வாக்குத்தத்த அட்டையைவிட இந்தக் கவனிப்பு அதிகம் உதவும் என்பது என் எண்ணம்.

ஐந்தாம் படி: அந்த ஊர் மண்ணை அறிவது

டெல்டாக்காரர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. களம், பதர், தூற்றுதல், கதிர், அரிக்கட்டு, களஞ்சியம் என்று வேதத்தில் வருபவை பாதிக்கு மேல் நமக்கு விளக்கம் தேவையில்லாதவை. "காற்றுப் பறக்கடிக்கும் பதரைப்போல்" என்று முதலாம் சங்கீதம் சொல்லும்போது, களத்தில் காற்றுக்கு முதுகு காட்டி நின்று தூற்றியவருக்குக் கண்ணில் தூசி விழும். போவாஸ் இராத்திரியில் ஏன் களத்தில் படுத்திருந்தார் என்று இங்கே யாரும் கேட்பதில்லை. நெல் காவலுக்குப் படுத்தவர்களுக்கு அது தெரியும்.

ஆனால் இந்தப் பழக்கமே நம்மை ஏமாற்றவும் செய்யும். நம்முடையது ஆற்றுப் பாசன நாடு. குடகில் மழை பெய்து, மேட்டூர் நிரம்பி, ஜூன் 12-ல் அணை திறந்து, கல்லணை வழியாகத் தண்ணீர் வந்தால் குறுவை. நம் கண் எப்போதும் மேற்கே, அணையின் நீர்மட்டத்தில்தான் இருக்கும். இஸ்ரவேலின் மலைநாட்டில் அப்படிப்பட்ட ஆறு இல்லை. உபாகமம் 11:10-12 இதை நேராகவே சொல்கிறது: எகிப்தில் விதை விதைத்துக் காலால் தண்ணீர் பாய்ச்சினீர்கள், போகப்போகிற தேசமோ மலைகளும் பள்ளத்தாக்குகளுமாய், "வானத்தின் மழைத்தண்ணீரைக் குடிக்கும் தேசம்". நைல் டெல்டாவை விட்டு வந்தவர்களிடம் பேசிய பேச்சு அது. நாம் அந்தப் பழைய எகிப்து விவசாயிக்குத்தான் நெருக்கம்.

அங்கே அக்டோபர், நவம்பரில் முன்மாரி பெய்தால்தான் காய்ந்த நிலம் உழவுக்கு இளகும். மார்ச், ஏப்ரலில் பின்மாரி பெய்தால்தான் கதிர் முற்றும். இரண்டில் ஒன்று தவறினாலும் பஞ்சம். பாகால் புயலுக்கும் மழைக்கும் உரியவனாகக் கும்பிடப்பட்ட தெய்வம் என்று தெரிந்துகொண்டு 1 இராஜாக்கள் 17, 18 அதிகாரங்களை வாசியுங்கள். தீர்க்கதரிசி எலியா ஏன் மழையை வைத்துப் போட்டிக்கு நின்றார், வானத்தில் உள்ளங்கை அளவு மேகம் தெரிந்ததற்கு ஏன் அவ்வளவு பரபரப்பு என்பது விளங்கும்.

விதைக்கிறவன் உவமையும் அப்படியே. நாற்றங்காலில் விட்டுப் பறித்து நடுகிறவர்களுக்கு, வழியருகேயும் கற்பாறையிலும் முள்ளிலும் விதையை வீசுகிறவன் வேலை தெரியாதவனாகத் தோன்றுவான். கடைமடையில் புழுதியில் நேரடியாக விதைக்கிறவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். கலிலேயாவில் கையால் வீசித்தான் விதைத்தார்கள். வயலின் குறுக்கே நடைபாதை போகும். பல இடங்களில் சுண்ணாம்புப் பாறைக்கு மேலே மெல்லிய மண்தான். மேலே பார்த்தால் நல்ல மண்ணும் பாறை மண்ணும் ஒன்று போலத்தான் தெரியும். விதைக்கிறவன் எங்கும் வீசுகிறான்; முளைத்த பிறகுதான் நிலம் தன்னைக் காட்டுகிறது.

இன்னொன்று, நம் ஊர் தட்டையான பூமி. எருசலேம் கடல்மட்டத்துக்கு மேலே சுமார் 750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எரிகோ கடல்மட்டத்துக்கும் கீழே சுமார் 250 மீட்டர். நல்ல சமாரியன் கதையின் பாதை அந்தச் செங்குத்தான இறக்கம்தான். 120 முதல் 134 வரையுள்ள ஆரோகண சங்கீதங்கள் எருசலேமுக்கு ஏறிப்போன யாத்திரிகர் பாடியவை என்று கருதப்படுகின்றன. ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் 121-ம் சங்கீதத்தை வழியில் வாசித்துப் பார்க்கட்டும். பகலில் வெயிலும் இரவில் நிலவும் சேதப்படுத்தாது என்ற வரி நடக்கிறவனுக்கே எழுதியது.

வேதப்புத்தகத்தின் கடைசியில் உள்ள வரைபடங்களைப் பலர் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். ஊர்ப்பெயர் வரும்போதெல்லாம் அங்கே விரலை வைத்துப் பாருங்கள். இதற்குமேல் பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை.

ஆறாம் படி: வசனத்துக்கு முன்னும் பின்னும்

வாக்குத்தத்த அட்டைகளில் அதிகம் வருகிற வசனங்களில் ஒன்று எரேமியா 29:11. தீமைக்கு அல்ல, சமாதானத்துக்கு ஏதுவான நினைவுகளைக் கர்த்தர் உங்கள்மேல் வைத்திருக்கிறார் என்பது. தேர்வு எழுதப் போகும் பிள்ளைக்கும், வெளிநாட்டு வேலைக்கு விசா எதிர்பார்க்கும் இளைஞனுக்கும் இதையே கொடுக்கிறோம். இந்த ஆண்டே நடக்கும் என்று அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

28-ம் அதிகாரத்திலிருந்து வாசியுங்கள். கி.மு. 597-ல் ராஜாவையும் கைவினைஞர்களையும் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோய்விட்டார்கள். எருசலேம் ஆலயத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி எழுந்து, இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்கிறான். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் இருந்த நுகத்தையும் எடுத்து உடைக்கிறான். ஜனங்களுக்குப் பிடித்த பேச்சு. அதற்கு எதிராகத்தான் எரேமியா கடிதம் எழுதுகிறார்: அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைபிடித்துப்போன பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் செய்யுங்கள். பத்தாம் வசனம் காலத்தைச் சொல்கிறது: எழுபது வருஷம். அதன் பின்னால்தான் பதினோராம் வசனம்.

கடிதம் கையில் கிடைத்த நாற்பது வயதுக்காரர் ஊர் திரும்பப் போவதில்லை. அவருக்கும் சேர்த்துத்தான் அந்த வார்த்தை. உடனடி வெற்றிக்கான உறுதிமொழியாக இருந்தது, நீண்ட காத்திருப்பின் நடுவே கைவிடப்படாத ஜனத்தின் நம்பிக்கையாக மாறுகிறது. வசனம் சிறுத்துவிடவில்லை, இன்னும் பாரம் தாங்கக்கூடியதாகிறது. நம் ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். அவர்கள் சிறைபிடிக்கப்பட்டுப் போனவர்கள் அல்லர். ஆனாலும் இருக்கிற பட்டணத்தின் நன்மையைத் தேடச் சொல்லும் ஏழாம் வசனத்தை அவர்களுக்கு அனுப்பிப் பாருங்கள். அந்த வசனத்துக்கு யாரும் ரோஜாப்பூ படம் போட்டதில்லை.

செய்முறை இதுதான்: எந்த வசனம் கையில் வந்தாலும் அதற்கு முந்தைய அதிகாரத்தையும் பிந்தைய அதிகாரத்தையும் வாசித்த பிறகே அடுத்தவருக்கு அனுப்புவது.

ஏழாம் படி: என்ன வகை எழுத்து?

பாட்டைச் சட்டமாகவும் சட்டத்தைப் பாட்டாகவும் வாசிக்கக் கூடாது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சி எழுதியபோது யாரும் அதை வரலாற்று ஏடாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பக்குவம் நமக்கு உண்டு. வேதத்தைத் திறந்ததும் அதை மறந்துவிடுகிறோம். சங்கீதம் பாட்டு, கூக்குரல். 88-ம் சங்கீதம் இருளில் முடிகிறது. அதற்கு மகிழ்ச்சியான முடிவு தைக்க வேண்டாம். நீதிமொழிகள் பொதுவாக நடப்பதைச் சொல்பவை. ஒவ்வொருவருக்கும் எழுதிக்கொடுத்த உத்தரவாதப் பத்திரம் அன்று. நிருபங்கள் ஒரு சபைக்கோ ஓர் ஆளுக்கோ எழுதிய கடிதங்கள். எந்தச் சிக்கலுக்குப் பதிலாக எழுதினார்கள் என்று கேளுங்கள்.

எட்டாம் படி: தியானம்

வாசித்து முடித்ததில் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது எடுக்கலாம், அதன் வீடு எது என்று தெரிந்துவிட்டதே. 12-ம் நூற்றாண்டின் கார்த்தூசியத் துறவி இரண்டாம் குய்கோ நான்கு படிகளாக இதை வகுத்தார்: வாசிப்பு, தியானம், ஜெபம், மௌனமாய்க் கடவுளில் தங்குதல். கத்தோலிக்க மடங்களில் வளர்ந்த முறை என்று மற்றவர்கள் ஒதுக்க வேண்டியதில்லை. முதலாம் சங்கீதத்தில் இரவும் பகலும் வேதத்தைத் தியானிக்கிறவன் செய்வதும் இதுதான். வரியை மனப்பாடம் செய்து, வாய்க்கால் கரையில் நடக்கும்போதும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும் வாய்க்குள் சொல்லுங்கள்.

கேள்விகளை வரிசை மாற்றாதீர்கள். கடவுள் எப்படிப்பட்டவர் என்று இந்த வரி காட்டுகிறது? அது முதலில். என்னிடம் இன்று என்ன கேட்கிறது? அது பிறகு. "எனக்கு என்ன கிடைக்கும்" என்ற கேள்வி தானாகவே வரும். அதற்கு இடம் ஒதுக்க வேண்டியதில்லை.

ஒன்பதாம் படி: கூடி வாசிப்பது

அப்போஸ்தலர் 8-ல் எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டு போகிறான். புரிகிறதா என்று பிலிப்பு கேட்கிறார். ஒருவன் தெரிவிக்காவிட்டால் எப்படித் தெரியும் என்கிறான். படித்தவன், அதிகாரி, சொந்தப் பிரதி வைத்திருந்தவன். அவனுக்கே ஆள் தேவைப்பட்டது.

வீட்டு ஜெபக்கூட்டமோ அன்பியமோ (கத்தோலிக்கரின் அக்கம்பக்கக் குழு), இருக்கிற அமைப்பையே பயன்படுத்துங்கள். பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். வாசிக்கத் தெரியாதவர்கள் இருப்பார்கள், அதனால் பகுதியை இரண்டு முறை உரக்க வாசியுங்கள். கேட்டே பழகியவர்களின் கவனம் வாசிக்கிறவர்களுடையதைவிடக் கூர்மையானது என்பதைச் சீக்கிரமே காண்பீர்கள். பேச்சு நீளமானவரை மெல்ல நிறுத்த ஒருவரை முன்கூட்டியே நியமியுங்கள். இது சில்லறை விஷயமாகத் தோன்றலாம், கூட்டம் நிலைப்பதும் கலைவதும் இதில்தான். எந்தக் கருத்துக்கும் "எந்த வசனத்தில் பார்த்தீர்கள்?" என்று கேட்க யாருக்கும் உரிமை இருக்கட்டும், போதகரிடம் கேட்கவும். பவுல் சொன்னதையே வேதவாக்கியங்களோடு ஒத்துப் பார்த்த பெரோயா பட்டணத்தாரை அப்போஸ்தலர் 17:11 பாராட்டுகிறது.

நிலம் உள்ளவரும் இல்லாதவரும், தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே பாயில் உட்கார வேண்டும். ஒரே மாதிரி மனிதர்கள் மட்டும் கூடி வாசித்தால் வேதம் அவர்கள் ஏற்கெனவே நினைத்ததையே திருப்பிச் சொல்லும்.

புரியாத இடங்கள் வரும். ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுத் தாண்டுங்கள். பவுலின் நிருபங்களில் அறிகிறதற்கு அரிதானவை உண்டு என்று 2 பேதுரு 3:16-லேயே எழுதியிருக்கிறது. தெளிவான இடத்தைக் கொண்டு தெளிவில்லாத இடத்தை விளக்குங்கள், தலைகீழாக அல்ல.

பத்தாம் படி: செய்துபார்ப்பது

திருவசனத்தைக் கேட்கிறவர்களாய் மாத்திரமல்ல, செய்கிறவர்களாயும் இருங்கள் என்கிறது யாக்கோபு 1:22. செய்யும்போதுதான் சில இடங்கள் விளங்கும். ரூத் 2-ஐ வாசித்தபின் எங்கள் கூட்டம் லேவியராகமம் 19-ஐத் திறந்தது. ஒன்பதாம் வசனத்தில் வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே என்ற கட்டளை. போவாஸ் அதற்கும் மேலே போனார் என்று அப்போதுதான் தெரிந்தது. நான்கு வசனம் தள்ளி, கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம்மட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது என்று இருக்கிறது. இதற்கு விளக்கவுரை எதுவும் தேவைப்படவில்லை. அந்த வாரம் கூலி பாக்கி வைத்திருந்தவர் யார், வாங்க வேண்டியவர் யார் என்பது அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு பகுதியிலிருந்தும் அந்த வாரமே செய்யக்கூடிய ஒரு காரியத்தை எழுதி, அடுத்த கூட்டத்தில் அதிலிருந்து தொடங்குங்கள்.

அடுத்து என்ன வாசிப்பது

ரூத்தின் புத்தகம் தாவீது என்ற பெயரோடு முடிகிறது. அதனால் 1 சாமுவேலுக்குப் போவது இயல்பு. மாற்குக்குப் பிறகு லூக்காவையும் அப்போஸ்தலருடைய நடபடிகளையும் சேர்த்து வாசியுங்கள். இரண்டும் தெயோப்பிலு என்பவருக்கு எழுதப்பட்ட, ஒரே கையிலிருந்து வந்த இரண்டு பாகங்கள். பிறகு ஆதியாகமம், யாத்திராகமத்தின் முதல் 20 அதிகாரம். நாளுக்கொரு சங்கீதம் கூடவே போகட்டும். 150 சங்கீதமும் ஐந்து மாதத்தில் முடியும். பிலேமோனுக்கு எழுதிய நிருபம் 25 வசனம்தான். மழை பெய்து கூட்டத்துக்கு ஆள் குறைந்த ஓர் இரவுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். எரேமியாவை முழுதாக எடுப்பது இரண்டாம் வருஷத்துக்கு.

வெளிப்படுத்தின விசேஷத்தில்தான் எல்லாருக்கும் ஆவல். இரண்டாம், மூன்றாம் அதிகாரங்களில் ஏழு சபைகளுக்கு எழுதியவற்றை எப்போது வேண்டுமானாலும் வாசிக்கலாம். மீதிக்கு யாத்திராகமமும் எசேக்கியேலும் தானியேலும் சகரியாவும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதன் மிருகங்களும் வாதைகளும் குதிரைகளும் அங்கிருந்து வந்தவை. அந்த நான்கையும் முடிக்காமல் உலக முடிவுக்கு நாள் குறிக்கிறவர் யாராவது உங்கள் கூட்டத்துக்கு வந்தால், காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.